கல்லூரி பேஸ்பால்: சீசனுக்கு முன் ஓர் அணியின் இன்ஃபீல்டை எடைபோடுவது எப்படி?

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் சீசன் பிப்ரவரி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. அதற்கு முந்தைய சில வாரங்களில் எல்லா அணிகளுக்கும் முன்னோட்டக் கட்டுரைகள் குவியும். பெரும்பாலானவை ஒரே அச்சில் இருக்கும்: முதல் பேஸில் இன்னார், போன வருடம் இத்தனை ஹோம் ரன், இரண்டாம் பேஸில் இன்னார், சராசரி இவ்வளவு. நாலு பெயர், நாலு எண், முடிந்தது. இன்ஃபீல்டில், அதாவது ஓடுபவர்கள் தொட வேண்டிய பேஸ்களைச் சுற்றிய உள்களத்தில், நிற்கும் அந்த நாலு பேரும் சேர்ந்து எப்படி ஆடப்போகிறார்கள் என்பது மட்டும் படிப்பவருக்குத் தெரியாது.

நான் ஒரே கேள்வியிலிருந்து தொடங்குவேன்: ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) யார், மே மாதம் வரை அவரால் அந்த இடத்தில் தாக்குப்பிடிக்க முடியுமா? இதற்குப் பதில் மாறினால் மற்ற மூன்று இடங்களும் மாறும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான். எடுத்துக்காட்டுக்கு டென்னசி பல்கலைக்கழக அணியை, அதுவும் 2025 சீசனுக்கு முன் இருந்த நிலையை எடுத்துக்கொள்கிறேன். ஒரே கோடையில் இன்ஃபீல்டின் முக்கால்வாசி காலியான அணி அது.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஸ்கோர் புத்தகத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6. 6-4-3 என்று எழுதியிருந்தால், ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாம் பேஸ்காரரிடம் தந்தார், அவர் முதல் பேஸுக்கு எறிந்தார், இரண்டு பேர் அவுட் என்று பொருள். இந்த எண்கள் பின்னால் தேவைப்படும்.

படி 1: யார் போனார்கள் என்று முதலில் எழுதுங்கள்

கல்லூரி அணியிலிருந்து ஆட்டக்காரர்கள் மூன்று வழிகளில் போகிறார்கள். ஆடும் தகுதிக்காலம் முடிந்துவிடும். அல்லது டிரான்ஸ்பர் போர்ட்டல் வழியாக வேறு கல்லூரிக்கு மாறுவார்கள். அல்லது ஜூலையில் நடக்கும் மேஜர் லீக் டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எடுக்கப்படுவார்கள். நான்கு ஆண்டுக் கல்லூரியில் படிப்பவர் மூன்றாம் ஆண்டு முடித்தாலோ, டிராஃப்டையொட்டி 21 வயதை எட்டினாலோ டிராஃப்டுக்குத் தகுதி பெறுகிறார். அந்த வயது விதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டாம் ஆண்டுக்காரர்தானே, இன்னொரு வருடம் இருப்பார் என்று நினைத்தவர் ஜூலையில் கிளம்பிவிடுவார்.

டென்னசியின் கணக்கைப் பாருங்கள். 2024-இல் அந்த அணி 60 வெற்றி, 13 தோல்வியுடன் ஒமாஹாவில் தேசியப் பட்டம் வென்றது. அணி அடித்த ஹோம் ரன்கள் 184. ஐந்து பேர் ஆளுக்கு 20-ஐத் தொட்டார்கள். அவர்களில் மூவர் இன்ஃபீல்டர்கள். இரண்டாம் பேஸ் கிறிஸ்டியன் மூர் 34, மூன்றாம் பேஸ் பில்லி அமிக் 23, முதல் பேஸ் பிளேக் பர்க் 20. அந்த ஜூலையிலேயே மூரை டிராஃப்டில் ஏஞ்சல்ஸ் அணி 8-ஆவது ஆளாக எடுத்தது. பர்க் புரூவர்ஸுக்கும் அமிக் ட்வின்ஸுக்கும் போனார்கள். மிஞ்சியவர் முதலாண்டிலேயே ஷார்ட்ஸ்டாப் இடத்தைப் பிடித்திருந்த டீன் கர்லி ஒருவர்தான்.

ஆக, 2025 முன்னோட்டத்தின் முதல் வரியிலேயே 77 ஹோம் ரன்கள் கழிந்துவிட்டன. சாம்பியன் அணி என்ற பட்டத்தை வைத்துக்கொண்டு இன்ஃபீல்டுக்கு மதிப்பெண் போட்டிருந்தால், ஊரில் இல்லாதவர்களுக்குப் போட்டதாக ஆகியிருக்கும்.

பயிற்சியாளர்கள் போவதையும் இதே பட்டியலில் சேருங்கள். டென்னசியின் தலைமைப் பயிற்சியாளர் டோனி விட்டெல்லோ 2025 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸின் மேலாளராகப் போனார்; அவரிடம் உதவியாளராக இருந்த ஜாஷ் எலாண்டர் பொறுப்பேற்றார். யாரை எங்கே நிறுத்துவது என்பதில் ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் ஒரு பழக்கம் இருக்கும். தலைமை மாறினால் பழைய பழக்கத்தை வைத்து ஊகிக்க முடியாது.

படி 2: வந்தவர்களின் பட்டியலைக் கவனமாகப் படியுங்கள்

கல்லூரி தளத்தில் ரோஸ்டர் (ஆட்டக்காரர் பட்டியல்) வெளியாகும். அதில் இன்ஃபீல்டர்கள் எல்லோருக்கும் பொதுவாக ‘ஐஎன்எஃப்’ என்று போட்டிருப்பார்கள். எந்த இடம் என்று சொல்வதில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலில் துப்பு உண்டு. மட்டை பிடிக்கும் கை, எறியும் கை என்று இரண்டு எழுத்துகள் இருக்கும். எறிவது இடது கை என்றால் அவரை இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ், ஷார்ட்ஸ்டாப் மூன்றிலிருந்தும் நீக்கிவிடலாம். அந்த இடங்களிலிருந்து முதல் பேஸுக்கு எறிய இடதுகைக்காரர் உடம்பையே திருப்ப வேண்டும்; அதற்குள் ஓடுபவர் பேஸைத் தொட்டுவிடுவார். அவருக்கு இன்ஃபீல்டில் உள்ள ஒரே வீடு முதல் பேஸ்.

பள்ளியிலிருந்து வரும் முதலாண்டு மாணவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஷார்ட்ஸ்டாப் என்றுதான் வருவார்கள். பள்ளி அணியில் சிறந்த விளையாட்டு வீரனை அங்கேதான் நிறுத்துவார்கள் என்பதால் அந்த அடைமொழிக்குத் தனி மதிப்பில்லை. அப்புறம், சேர்வதாகக் கையெழுத்திட்ட எல்லோரும் வந்துசேர்ந்துவிட மாட்டார்கள். டிராஃப்டில் நல்ல தொகை கிடைத்தவர் கல்லூரிப் பக்கமே வராமல் போய்விடுவார். முந்தைய நவம்பரில் வெளியான சேர்க்கைச் செய்தியை நம்பாமல், ஆகஸ்டுக்குப் பிந்தைய ரோஸ்டரைப் பாருங்கள்.

மாறி வருபவர்கள் விஷயத்தில், பழைய கல்லூரியின் பாக்ஸ் ஸ்கோர்களை (ஒவ்வோர் ஆட்டத்தின் ஸ்கோர் அட்டைகளை) திறந்து அவர் உண்மையில் எந்த இடத்தில் ஆடினார் என்று பார்க்க வேண்டும். டென்னசிக்கு அந்தக் கோடையில் இரண்டு பெரிய பெயர்கள் வந்தன. லூயிவில்லிலிருந்து கேவின் கிலன்; டியூக்கில் தொடங்கி ஓல் மிஸ்ஸில் ஒரு வருடம் ஆடிய ஆண்ட்ரூ ஃபிஷர். கிலன் லூயிவில்லில் ஷார்ட்ஸ்டாப். இங்கேதான் முன்னோட்டம் சுவாரசியமாகிறது: ஏற்கெனவே ஒரு ஷார்ட்ஸ்டாப் இருக்கும் வீட்டுக்கு இன்னொரு ஷார்ட்ஸ்டாப் வருகிறார்.

படி 3: ஷார்ட்ஸ்டாப்பை முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

பேஸுக்கு பேஸ் 90 அடி. வலது கை பேட்டர் சராசரி வேகத்தில் முதல் பேஸை எட்ட ஏறக்குறைய 4.3 விநாடி, இடது கைக்காரருக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. அந்த 4.3 விநாடிக்குள் பந்து மட்டையிலிருந்து தரையில் உருண்டு வர வேண்டும், ஷார்ட்ஸ்டாப் எட்டிப் பிடிக்க வேண்டும், கையுறையிலிருந்து எடுத்து எறிய வேண்டும். மூன்றாம் பேஸ் பக்கம் ஆழமாகப் போய் எடுத்த பந்தென்றால் எறிய வேண்டிய தூரம் 130 அடியைத் தாண்டிவிடும். ஆளை எடைபோடும்போது கை எவ்வளவு வேகமாக எறிகிறது என்பதைவிட, பிடித்ததிலிருந்து எறிவது வரை எத்தனை அடி எடுத்து வைக்கிறார் என்று பாருங்கள். ஒரு அடி கூடுதலாக எடுத்தாலே நேரம் போய்விடும். நிதானமாக எறிய நேரமிருக்கும் எளிய பந்துகளையும் கவனியுங்கள். தூக்கமில்லாத பயிற்சியாளர்கள் பயப்படுவது பாய்ந்து தவறவிட்ட பந்துக்கு அல்ல, நேராக வந்ததைப் பிடித்துவிட்டு முதல் பேஸ்காரரின் தலைக்கு மேல் எறிவதற்குத்தான்.

வீடியோவில் பார்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. நேரலையில் கேமரா பிட்சருக்குப் பின்னால், சென்டர் ஃபீல்டில் இருக்கும். பந்து மட்டையில் பட்ட பிறகுதான் காட்சி மாறும். ஷார்ட்ஸ்டாப்பின் முதல் அசைவு, அதாவது பந்தைக் கணித்து எந்தப் பக்கம் காலெடுத்தார் என்பது, உங்களுக்குத் தெரியாது. காட்சி மாறும் நொடியில் அவர் ஓடிக்கொண்டிருக்கிறாரா, ஏற்கெனவே பந்தின் முன் போய் நின்றுவிட்டாரா என்று பாருங்கள். பல பந்துகளுக்கு நின்றுவிட்டவராக இருந்தால் அவர் கணிப்பு நல்லது. எப்போதும் பாய்ந்து விழுந்து பிடிப்பவர் கைதட்டல் வாங்குவார், ஆனால் பாதி நேரம் தாமதமாகக் கிளம்பியதால்தான் விழுகிறார்.

மைதானத்துக்குப் போக முடிந்தால் இன்னும் நல்லது. இலையுதிர்காலத்தில் அணிகள் தங்களுக்குள்ளேயே ஆட்டங்கள் நடத்தும். பக்கத்துக் கல்லூரியுடன் ஓரிரு பயிற்சி ஆட்டங்களும் இருக்கும். யார் எத்தனை ரன் அடித்தார் என்பது அங்கே முக்கியமில்லை. முதல் தர இன்ஃபீல்டுடன் 6-ஆம் இடத்தில் யார் இறங்கினார், சில நாள் கழித்தும் அவரே இறங்கினாரா என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

டென்னசிக்குத் திரும்புவோம். கர்லி 6 அடி 3 அங்குலம். முதலாண்டில் 12 ஹோம் ரன் அடித்தவர். அந்த உடல்வாகு உள்ளவர்களில் பலர் நாளடைவில் மூன்றாம் பேஸுக்கு நகர்ந்துவிடுவார்கள். அப்படியானால் கிலன் ஷார்ட்ஸ்டாப்புக்கு வருவாரா, அல்லது இரண்டாம் பேஸில் நிற்பாரா? ஜனவரியில் ஒரு முன்னோட்டம் விவாதித்திருக்க வேண்டிய கேள்வி இதுதான். நடந்தது என்னவென்றால், கிலன் பெரும்பாலும் இரண்டாம் பேஸில் ஆடினார். கர்லி அந்த சீசனில் ஷார்ட்ஸ்டாப்போடு நிற்காமல் மூன்றாம் பேஸ், இரண்டாம் பேஸ் என்று சுற்றினார். ஃபிஷர் முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் நின்றார். ஒரு நாற்காலி அசைந்ததும் எல்லோரும் இடம் மாறினார்கள்.

படி 4: மற்ற மூன்று இடங்கள்

மூன்றாம் பேஸ்காரரிடம் இரண்டே பந்துகளைப் பாருங்கள். ஒன்று, கோட்டையொட்டி வேகமாக வருவது. அதற்குக் கை போதும், கால் தேவையில்லை. இரண்டாவது, பண்ட் (மட்டையை வீசாமல் மெதுவாகத் தட்டுவது) அல்லது மட்டையின் நுனியில் பட்டு மெதுவாக உருளும் பந்து. ஓடி வந்து, வெறுங்கையால் எடுத்து, ஓடிக்கொண்டே பக்கவாட்டில் எறிய வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் பண்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்த இரண்டாவது பந்தில் தடுமாறுபவரை எதிரணிகள் மார்ச் மாதத்திலேயே கண்டுபிடித்து, அவரை நோக்கியே உருட்டிவிடும். மூன்றாம் பேஸிலிருந்து முதல் பேஸுக்கு 127 அடி என்பதால் கை பலமும் வேண்டும்.

இரண்டாம் பேஸில் எறியும் தூரம் குறைவு. பலவீனமான கையை மறைக்க நல்ல இடம். ஆனால் டபுள் பிளேயில் (6-4-3 போல ஒரே பந்தில் இருவரை அவுட் ஆக்குவதில்) முதுகுக்குப் பின்னால் ஓடிவரும் ஆளைப் பார்க்காமல் பந்தை வாங்கித் திரும்பி எறிய வேண்டியவர் இவர்தான். ஷார்ட்ஸ்டாப்பாக இருந்து இங்கே வந்தவருக்கு இந்தத் திருப்பம் புதிது; அதற்குச் சில வாரங்கள் கொடுங்கள்.

முதல் பேஸை முன்னோட்டங்கள் வெறும் அடிக்கிற இடமாக எழுதிவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. தரையில் குத்தி வரும் மோசமான எறிதலைக் கையுறையால் அள்ளத் தெரிந்த முதல் பேஸ்காரர் ஒரு சீசனில் பல எரர்களை (ஃபீல்டிங் பிழைகளை) மற்றவர்களின் கணக்கிலிருந்து அழித்துவிடுவார், அவர் கணக்கில் ஒன்றும் வரவாகாது. இளம் ஷார்ட்ஸ்டாப்பை வைத்திருக்கும் அணிக்கு இவர் யார் என்பது இரட்டிப்பு முக்கியம்.

படி 5: ஃபீல்டிங் எண்கள்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு ஒரு வித்தியாசம் சட்டென்று படும்: அங்கே தவறவிட்ட கேட்ச் அதிகாரபூர்வ ஸ்கோர் அட்டையில் ஏறாது, இங்கே எரர் என்று பெயர் போட்டு ஏற்றிவிடுவார்கள். அதனால் எண்கள் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை அப்படியே நம்பக் கூடாது.

ஃபீல்டிங் சதவீதம் என்பது புட்அவுட் (அவுட்டைத் தானே முடித்தது), அசிஸ்ட் (எறிந்து அவுட்டுக்கு உதவியது) இரண்டையும் கூட்டி, அதை எரரும் சேர்ந்த மொத்த வாய்ப்புகளால் வகுப்பது. கற்பனையாக ஒரு ஷார்ட்ஸ்டாப்பை எடுத்துக்கொள்வோம்: 70 புட்அவுட், 150 அசிஸ்ட், 10 எரர். 220-ஐ 230-ஆல் வகுத்தால் .957. கல்லூரியில் இது மோசமில்லாத எண். முதல் பேஸ்காரர் ஒருவருக்கு 480 புட்அவுட், 30 அசிஸ்ட், 4 எரர் என்றால் .992. இதைப் பார்த்து முதல் பேஸ்காரரே கெட்டிக்காரர் என்று எழுதிவிடாதீர்கள். எறிந்த பந்தைப் பிடிப்பதே அவர் புட்அவுட்டில் முக்கால்வாசி. ஒரே இடத்தில் ஆடுபவர்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

நான் அதிகம் பார்ப்பது ஓர் ஆட்டத்துக்கு எத்தனை அசிஸ்ட் என்பதை. எட்ட முடியாத பந்துக்கு எரர் விழாது. அது பேட்டரின் கணக்கில் ஹிட் (நல்ல அடி) என்று போய்விடும். எரர் குறைவு, அசிஸ்ட்டும் குறைவு என்றால், பிடித்தார் என்பதைவிட எட்டவில்லை என்று சந்தேகப்படலாம். எரர்களையும் பிரித்துப் பாருங்கள்: ஆட்ட விவரங்களில் எறிதல் பிழையா, பிடித்தல் பிழையா என்று இருக்கும். பிடித்தல் பிழை பயிற்சியில் சரியாகிறது. எறிதல் பிழை மனதில் ஏறிவிட்டால் ஆளை இடம் மாற்றும் வரை தீராது.

படி 6: மட்டை

பேட்டிங் சராசரியை எல்லோரும் போடுகிறார்கள், நீங்களும் போடுங்கள். ஆனால் ஸ்ட்ரைக்அவுட்டையும் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) வாக்கையும் (நான்கு தவறான பந்துகளால் முதல் பேஸ் கிடைப்பது) பக்கத்தில் வையுங்கள். நூறு முறை மட்டை பிடிக்க வந்து 25 தடவைக்கு மேல் ஸ்ட்ரைக்அவுட் ஆகிறவர், நல்ல பிட்சர்கள் இருக்கும் கான்ஃபரன்ஸுக்கு (தங்களுக்குள் போட்டியிடும் கல்லூரிகளின் குழு) மாறி வந்தால், சராசரி இறங்கும் என்று எழுதத் தயங்கமாட்டேன். வாக்கும் ஸ்ட்ரைக்அவுட்டும் ஏறக்குறைய சமமாக இருப்பவர் எந்த ஊருக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வார்.

எங்கே அடித்தார் என்பதும் முக்கியம். கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலுள்ள ஆல்புகர்க்கியில் பறந்த பந்து கடலோர ஊரில் வேலிக்கு முன்பே இறங்கிவிடும். கல்லூரி மட்டைகளும் மரமல்ல. 2011 முதல் பிபிகார் தரச்சான்று பெற்ற உலோக, கலவை மட்டைகள்தான். மர மட்டையில் எப்படி அடிக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் கோடை லீகுகளைப் பாருங்கள். மாசசூசெட்ஸின் கேப் காட் லீக் 1985 முதல் மர மட்டையில் நடக்கிறது. நாட்டின் நல்ல கல்லூரிப் பிட்சர்கள் பலர் அங்கே எறிகிறார்கள். அங்கே .250 அடித்தவர், சிறிய கான்ஃபரன்ஸில் .350 அடித்தவரைவிட மேல் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் நட்டமில்லை. கோடையில் அவர் எந்த இடத்தில் நின்றார் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரிப் பயிற்சியாளர், புது இடத்தைப் பழகிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கலாம்.

படி 7: பிட்சர்களை மறக்காதீர்கள்

இன்ஃபீல்டுக்கு எவ்வளவு வேலை வரும் என்பதைத் தீர்மானிப்பவர் பிட்சர். 2025-இல் டென்னசியின் லியாம் டாயில் 164 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். அவர் எறியும் நாளில் இன்ஃபீல்டர்களுக்குப் பாதி ஓய்வு. மாறாக, சிங்கர் (கீழே இறங்கும் பந்து) எறிந்து தரையில் உருட்டவைக்கும் பிட்சர்கள் நிறைந்த அணியில், மட்டையில் சுமாரான ஆனால் கை சுத்தமான ஷார்ட்ஸ்டாப்புக்கே இடம் கிடைக்கும். உங்கள் அணியின் வார இறுதிப் பிட்சர்கள் மூவரும் எந்த ரகம் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போங்கள்.

படி 8: பெஞ்சு (மாற்று ஆட்டக்காரர்கள்)

சீசனில் 56 ஆட்டங்கள் வரை உண்டு. வெள்ளி, சனி, ஞாயிறு தொடர் ஒன்று. செவ்வாயோ புதனோ ஓர் ஆட்டம். நாலு பேரே கடைசிவரை ஆடுவார்கள் என்று எண்ண முடியாது. 2024-இல் அமிக் குடல்வால் அறுவைச் சிகிச்சைக்காகச் சில ஆட்டங்கள் உட்கார வேண்டியிருந்தது. இப்படி ஒருவர் விழுந்தால் அடுத்தவர் யார், அவர் வந்தால் இன்னும் எத்தனை பேர் நகர வேண்டும்? ஓர் ஆள் மட்டும் உள்ளே வந்தால் போதும் என்றால் பெஞ்சு நல்ல பெஞ்சு. ஒருவருக்காக மூன்று பேர் நகர வேண்டுமென்றால் அதை அபாயம் என்றே எழுதுங்கள்.

2025-26 கல்வியாண்டிலிருந்து, ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரிகள் பணம் தருவது பற்றிய நீதிமன்ற உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் ரோஸ்டர் 40-இலிருந்து 34 பேராகச் சுருங்கிவிட்டது. பிட்சர்களைக் குறைக்க எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது. அதனால் இரண்டு மூன்று இடங்களில் ஆடத் தெரிந்தவரின் மதிப்பு ஏறியிருக்கிறது. போன வருடப் பாக்ஸ் ஸ்கோரில் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு இடங்கள் சேர்த்துப் போட்டிருந்தால் அந்தப் பெயரை அடிக்கோடிடுங்கள். முதலாண்டு மாணவர்களுக்கு வாய்ப்பு வாரநடு ஆட்டங்களில்தான் முதலில் வரும்.

படி 9: எழுதுவதும், பிறகு சரிபார்ப்பதும்

சரி, எழுத உட்காருங்கள். ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து தொடங்கி, அவர் நின்றால் ஒரு இன்ஃபீல்ட், நிற்காவிட்டால் இன்னொரு இன்ஃபீல்ட் என்று இரண்டு வரிசைகள் போடுங்கள். எது நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதைத் துணிந்து சொல்லுங்கள். இரண்டுக்கும் வாய்ப்புண்டு என்று முடிப்பதற்கு முன்னோட்டம் எதற்கு?

முதல் வார இறுதியை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். பல பெரிய அணிகள் பிப்ரவரியில் எளிய எதிரிகளைத்தான் அழைத்து ஆடும். பெரிய கான்ஃபரன்ஸ்களில் சொந்தப் போட்டிகள் தொடங்குவது பெரும்பாலும் மார்ச்சில். அந்த முதல் வெள்ளிக்கிழமையின் பாக்ஸ் ஸ்கோரைத் திறந்து 6-ஆம் இடத்தில் யார் தொடங்கினார் என்று பாருங்கள். அப்புறம் எட்டாவது, ஒன்பதாவது இன்னிங்ஸுக்குப் போங்கள். அணி ஒரு ரன் முன்னிலையில் இருக்கும்போது அதே ஆள் களத்தில் இருக்கிறாரா, அல்லது கை சுத்தமான வேறொருவரை இறக்கிவிட்டு அவரை உட்காரவைத்தார்களா? உட்காரவைத்திருந்தால், ஏப்ரலில் உங்கள் இரண்டாவது வரிசை வரப்போகிறது.